சத்திரக்காரனைத் தேடிய சமாரியன்

எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் வழியிலே கள்வர் கைப்பட்டுக் குற்றுயிராய்க் கிடந்தவனைச் சமாரியன் ஒருவன் எடுத்துக் காத்த கதையைக் கிறிஸ்தவர் அல்லாதாரும் அறிவர். அவன் புண்ணுக்கு மருந்திட்டதும், தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்திற் சேர்த்ததும் நம் நினைவில் நிற்கின்றன. மறுநாட் காலையில் அவன் சத்திரக்காரன் கையில் இரு நாணயங்களைக் கொடுத்து, நோயாளியை அவனிடம் ஒப்புவித்துத் தன் வழியே போய்விட்டான் என்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அன்பு செய்தவன் என்றென்றும் அருகிலிருத்தல் இயலாது. அவன் போனபின் நோயாளியைப் பார்ப்பவர் யார்? இக்கேள்வியையே தம் வாழ்க்கையின் கேள்வியாகக் கொண்ட ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மானிப்பாயில் வாழ்ந்தார். அவரே டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

அமெரிக்காவில் மசாச்சுசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் 1822இற் பிறந்தவர் கிறீன். நியூயோர்க்கில் மருத்துவங் கற்று 1845இற் பட்டம் பெற்றார். அவருடைய தமையனார் அண்ட்ரூ கிறீன் அந்நகரின் புகழ்பெற்ற மத்திய பூங்காவை உருவாக்குவதில் முன்னின்றவர். பரந்த நியூயோர்க்கின் தந்தை எனப் போற்றப்படுபவர். தமையனார் மாநகர் ஒன்றைச் சமைத்துக்கொண்டிருக்கத் தம்பியார் 1847இல் அமெரிக்க மிஷனின் ஊழியராக யாழ்ப்பாணம் வந்து, மறு ஆண்டில் மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தத் தலைப்பட்டார்.

வந்தவர் நோயாளரைப் பார்த்ததோடு அமைந்திருக்கலாம். அதற்கே பகலும் இரவும் போதா. வாந்திபேதியும் அம்மையும் ஊர் ஊராய்ப் பரவிய காலம் அது. ஒரு குடாநாட்டுக்கு ஒரு வைத்தியர் எம்மட்டில் ஈடுகொடுப்பார்? ஆகவே தொடக்கத்திலேயே சில இளைஞரைச் சேர்த்துக்கொண்டு அவர்களுக்கு மேனாட்டு மருத்துவம் பயிற்றினார். கொழும்பிலே மருத்துவக் கல்லூரி தோன்றியது 1870இல் என்பதை நினைத்துப் பார்த்தால், மானிப்பாயில் நடந்த அச்சிறு வகுப்பின் பெருமை விளங்கும்.

ஆயினும் அவ்வகுப்பிலே அவர் எதிர்பாராத ஒரு குறை இருந்தது. கற்பித்தது ஆங்கிலத்தில். ஆங்கிலத்தில் மருத்துவங் கற்ற இளைஞனை அரசாங்க உத்தியோகம் அழைத்தது. நல்ல சம்பளமும் வெளியூர் வாழ்வும் அழைத்தன. அவன் போனான். சத்திரக்காரன் சத்திரத்தைப் பூட்டிக்கொண்டு பட்டினம் போனால், வழியிற் கிடப்பவன் கதி என்ன? 1857இல் விடுமுறையில் தாயகஞ் சென்ற கிறீன், 1862இல் மணஞ்செய்து துணைவியாருடன் மீண்டபோது, இனி மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிப்பது என்ற துணிவோடு வந்தார். 1864ஆம் ஆண்டளவில் தமிழ் வகுப்புத் தொடங்கியது. அவரிடம் பயின்ற அறுபதுக்கு மேற்பட்டோருள் ஏறக்குறையப் பாதிப்பேர் தமிழிலே கற்றவர்கள்.

தமிழிற் கற்பிப்பதென்றால் நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும். இங்கேதான் அவருடைய அன்பு மிகக் கடினமான உருவத்தை எடுத்தது. சமயத் தொண்டு என்றவுடன் நோயாளியின் கட்டிலருகே முழந்தாளிட்டு நிற்கும் உருவமே நம் மனக்கண்முன் தோன்றும். இரவு விளக்கின்முன் அமர்ந்து, ஓர் எலும்பின் பெயருக்குத் தமிழ்ச்சொல் தேடித் தலையைப் பிய்த்துக்கொள்பவரைத் தொண்டர் என எவரும் சித்திரம் எழுதுவதில்லை. கிறீன் முதலில் தமிழிலே தேடினார். தமிழிற் கிடைக்காவிடிற் சமஸ்கிருதத்தை நாடினார். அங்கும் பொருந்தாவிடில் ஆங்கிலச் சொல்லைத் தமிழோசைக்கு இசைய மாற்றிக்கொண்டார். உடலின் அமைப்பைச் சொல்லும் கலைக்கு நம் நாட்டு வைத்தியர் வழக்கிலிருந்த ‘அங்காதிபாதம்’ என்ற பெயரையே எடுத்தாண்டார். சத்திரசிகிச்சை ‘இரணவைத்திய’மாயிற்று. உடல் இயங்கும் முறையை விளக்குங் கலை ‘சுகரணம்’ ஆயிற்று. இரசாயனமோ ‘கெமிஸ்தம்’! இதைக் கேட்டு இன்றைய மாணவர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும், ஆனால் ‘தமிழில் முடியாது’ என்று கைவிரிப்பதைவிடக் ‘கெமிஸ்தம்’ என்று எழுதத் துணிவது எவ்வளவோ மேலானது என்பது எம் எண்ணம்.

டான்வர்த், சப்மன், சுவாமிநாதன் முதலிய அவருடைய மாணவர்களே மொழிபெயர்ப்பில் அவருக்குத் துணைநின்றவர்கள். இவர்களின் உழைப்பை மறந்து கிறீனை மட்டும் புகழ்தல் நேர்மையாகாது. 1857இல் ‘பிரசவ வைத்தியம்’ வெளிவந்தது, 1867இல் ‘இரணவைத்தியம்’, 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’, 1875இற் ‘கெமிஸ்தம்’. எல்லாமாகச் சேர்ந்து 4000 பக்கங்களுக்கு மேல்.

அவர் மதம் மாற்ற வந்தவரல்லரோ என்று கேட்பாருண்டு. ஆம், வந்தவரே. அதை அவர் மறைத்ததுமில்லை. மருந்தும் செபமும் அவர் வைத்தியசாலையில் அருகருகே இருந்தன. அதே 1822இற் பிறந்த நல்லூர் ஆறுமுக நாவலர், அதே 1848இல், மானிப்பாய்க்குச் சில கட்டைத் தூரத்திலுள்ள வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, மிஷனரிமாருக்கு எதிராக நின்றார். ஒருவர் சைவத்தைக் காக்கவும் மற்றவர் கிறிஸ்துவை அறிவிக்கவும் முயன்ற அந்நாளில், இருவர் கையிலும் தமிழ் வசனநடை வலிமை பெற்றது. கிறிஸ்தவனாகிற தமிழன் தமிழனாகவே உடுத்தித் தமிழனாகவே வாழ வேண்டுமென்பது கிறீனின் விருப்பம். மாணவர் ஐரோப்பியரைப்போல ஆவதை அவர் விரும்பவில்லை. இது மாணவரின் உயர்ச்சிக்கு இட்ட தடையன்றோ என்பது வேறொரு கேள்வி. அதில் நியாயமும் உண்டு. ஆங்கிலம் சோறு போட்ட காலத்தில், ‘நீ தமிழிற் படித்து உன் ஊரிலேயே இரு’ என்பது மாணவனிடத்தில் ஒரு தியாகத்தைக் கேட்பதே. தாம் செய்த தியாகத்தைப் பிறரிடமும் எதிர்பார்ப்பது தொண்டர்களின் இயல்பான குறை போலும்.

1873இல் அவர் யாழ்ப்பாணத்தை விட்டுப் போனார். அதன்பின் அவருடைய மருத்துவ வகுப்பு நெடுங்காலம் நிலைக்கவில்லை. மருத்துவக் கல்வி மீண்டும் ஆங்கிலத்தின் வழியே சென்றது. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவபீடம் அமைந்தபோதும் போதனை ஆங்கிலத்திலேதான். ‘அங்காதிபாத’த்தை இன்று பயில்வாரில்லை, கவிஞர் அம்பி 1967இற் ‘கிறீனின் அடிச்சுவடு’ எழுதியிராவிடில் நம்மிற் பலர் அப்பெயரையும் அறிந்திருக்க மாட்டோம். மானிப்பாயிலே கிறீன் நினைவு வைத்தியசாலை நிற்கிறது.

அவரோ வூஸ்ரரில் ஓய்ந்திருக்கவில்லை. உடல்நலங் குன்றியிருந்தும், மானிப்பாயிலிருந்து கப்பலேறி வந்த தமிழ்ப் பிரதிகளைத் திருத்தித் திருப்பி அனுப்பிக்கொண்டேயிருந்தார். அவ்வூரிலே அவ்வெழுத்தைப் படிக்கத்தக்கவர் வேறெவர் இருந்திருப்பர்? ‘மனுஷ சுகரணம்’ 1883இல் வெளிவந்தது. மறு ஆண்டிற் கிறீன் காலமானார். தமிழருக்கு மருத்துவ நற்செய்தியாளர் என்ற பொருள்பட, அந்நகரத்துக் கல்லறையிலே ஆங்கிலத்திற் பொறித்து வைத்திருக்கிறார்கள்.