வெள்ளமா, வெடியா?

1956 நவம்பர் 23, விடியும் முன்னே. மருதையாற்றில் வெள்ளம் அரித்திருந்த பாலத்தில் ஏறிய தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், அரியலூர் தாண்டி ஆற்றில் கவிழ்ந்தது. மாண்டவர்கள் 140 பேருக்கு மேல். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். செப்டம்பரில் மகபூப்நகர் விபத்தின்போதே அவர் விலக முன்வந்தார். நேரு அப்போது விடவில்லை.

ஆலத்தூர் வட்டத்துச் செட்டிகுளத்துக்கு ரயில் இல்லை. ஆனால் அதே மருதையாறு இந்த வட்டத்தையும் தொட்டுக்கொண்டுதான் கிழக்கே போகிறது. அன்று துயரச் செய்தி என்றால் டீக்கடைப் பேப்பர், பஞ்சாயத்து ரேடியோ, சந்தைப் பேச்சு. வெள்ளம், விபத்து, கொலை எது நடந்தாலும் சிந்து கட்டி அச்சடித்துச் சந்தையிலும் ரயிலிலும் பாடி விற்ற காலமும் உண்டு. அந்தப் பாட்டுகளில் செத்தவர்தான் கதை. டென்ட் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்த படங்களிலோ அழுகை நிறைய இருந்தது. அரியலூர்ச் சாவுக்கு அங்கே இடமில்லை.

1987 மார்ச் 15-ல் மருதையாற்றுப் பாலத்தில் வெடி வைத்தார்கள். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தமிழ்நாடு விடுதலைப் படையின் வேலை என்றது போலீஸ். அதன் தலைவர் தமிழரசன் அதே ஆண்டு செப்டம்பர் 1-ல் பொன்பரப்பி வங்கிக் கொள்ளையின்போது ஊர்மக்களால் அடித்துக் கொல்லப்பட்டார்.

இன்று அந்த ரயில் செல்போனில் கவிழ்கிறது. 2023-ல் வந்த வெற்றிமாறனின் 'விடுதலை' முதல் பாகம் தொடங்குவதே 1987-ல் குண்டுவெடித்துச் சிதறிய ஒரு ரயிலில்தான். உடைந்த பெட்டிகளுக்குள் கேமரா வெட்டில்லாமல் நுழைந்து நுழைந்து போகிறது. படத்தில் ஊர்ப்பெயர் வேறு, கதை கற்பனை. இந்தப் பக்கத்து ஜனத்துக்குப் பெயர் தேவைப்படவில்லை.

"அப்பாயி, இது நம்ம அரியலூர் ரயிலாம்ல?"

சின்ன வெங்காயத்தின் தாளை அறுத்துக்கொண்டே கிழவி கேட்கிறார்: "எந்த ரயிலைடா சொல்ற? வெள்ளத்துல போனதா, வெடி வச்சதா?"

பேரனுக்கு இரண்டு ரயில் என்பதே செய்தி.

படம் அவனுக்கு நிறையக் கொடுக்கிறது. மலைக்கிராமத்தில் போலீஸ் நடத்திய கொடுமை, அரசியல், கோபம் எல்லாம் புரிகிறது. அன்றைய பேப்பர் இதையெல்லாம் இவ்வளவு கிட்டே காட்டியதில்லை. ஆனால் ரயிலில் வந்தவர்களுக்குப் படத்தில் கிடைப்பது முதல் சில நிமிடங்கள்தான். கதை அவர்களைத் தண்டவாளத்தில் விட்டுவிட்டுக் காட்டுக்குள் போய்விடுகிறது. டிக்கெட் எடுத்து ஏறியவர்களுக்குப் போலீஸுக்கும் வெடி வைத்தவர்களுக்கும் நடந்த சண்டையில் எந்தப் பக்கமும் இல்லை. படம் எடுப்பவருக்குக் கதைதான் முக்கியம், அது நியாயமே. செத்தவர் கணக்கைப் பிசகாமல் வைத்திருப்பது இந்த ஆற்றங்கரை ஊர்களின் வேலை. அப்பாயி அதைச் செய்கிறார்; பேரனுக்கும் இப்போது பாதி தெரியும்.