ஏற்றத்திலா, இறக்கத்திலா?

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். முன்னால் போன பேருந்தின் பின்னாலேயே ஊர்ந்து பாதி வளைவுகளைத் தாண்டியிருப்போம். காருக்குள் ரப்பர் கருகும் வாடை. பின்சீட்டில் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஓரங்கட்டி டயர்களைச் சுற்றி வந்து பார்த்தேன், பானெட்டைத் திறந்து பார்த்தேன். கண்ணில் ஒன்றும் படவில்லை. கொஞ்ச நேரத்தில் வாடையும் அடங்கிவிட்டது. ஆனாலும் மனம் கேட்கவில்லை. மேலே போனதும் ஒரு மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன்.

அவர் பானெட்டில் கைவைக்கவே இல்லை. "எப்ப வந்துச்சு தம்பி, ஏத்தத்துலயா, எறக்கத்துலயா?" என்று மட்டும் கேட்டார்.

"ஏத்தத்துலதாண்ணே. பஸ்ஸுக்குப் பின்னாடி நின்னு நின்னு வந்தேன்."

"அப்ப அது கிளட்ச்சு. ரப்பரே இல்ல."

அந்த ஒரு கேள்விக்குள் பாதி அறிவியல் இருக்கிறது. கிளட்ச் மிதியைப் பாதி அழுத்தியபடி மேட்டில் வண்டியைத் தாக்குப்பிடிக்கும்போது, எஞ்சினோடு சுழலும் ஃப்ளைவீல் ஒரு வேகத்திலும், கிளட்ச் பிளேட் வேறொரு வேகத்திலும் சுற்றுகின்றன. இரண்டும் ஒரே வேகத்துக்கு வரும்வரை உரசல்தான். அந்த உரசல் முழுவதும் சூடாக மாறுகிறது. பிளேட்டின் மேல் ஒட்டியிருப்பது ரப்பர் அல்ல, பிசினில் இறுகிய நார்ப்பொருள். அது கருகும் வாடையைத்தான் நம் மூக்கு ரப்பர் என்று எடுத்துக்கொள்கிறது. வண்டியை ஆறவிட்டு, மேட்டில் நிற்கும்போது ஹேண்ட் பிரேக் போட்டு, முன்வண்டிக்கு இடைவெளி விட்டு ஏறினால் பெரும்பாலும் போதும். எஞ்சின் உறுமியும் வண்டி இழுக்கவில்லை என்றால் பிளேட் தேய்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும்.

இறக்கத்தில் வந்தால் கதை வேறு. 1,000 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் கீழே இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் ஏறத்தாழ 98 லட்சம் ஜூல். 30 லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். பிரேக்கை மட்டுமே மிதித்து இறங்கினால், அதில் பெரும்பங்கு உள்ளங்கை அளவுகூட இல்லாத பேடுகளிலும் அவை கவ்வும் தட்டுகளிலும்தான் இறங்கும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது இதற்காகத்தான். எஞ்சின் அந்தச் சுமையில் பங்கெடுத்துக்கொள்ளும்.

சமதரையிலும் வாடை வருகிறதா? வண்டியை நிறுத்தி, சக்கரத்தைத் தொடாமல் புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் அனலடித்தால், அங்கே பிரேக் விடாமல் கவ்விக்கொண்டிருக்கிறது. பின்சக்கரம் இரண்டும் சுட்டால் முதலில் ஹேண்ட் பிரேக்கைப் பாருங்கள்.

ரப்பரே கருகுவது பெரும்பாலும் பெல்ட்டில்தான். ஏ.சி. போட்டவுடன் கிரீச்சென்ற சத்தமும் கூடவே வாடையும் வந்தால், பெல்ட் புல்லியில் வழுக்குகிறது. அல்லது கம்ப்ரஸரோ ஒரு பேரிங்கோ இறுகிப்போய்ச் சுற்ற மறுக்கிறது. எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, டார்ச் அடித்துப் பெல்ட்டின் உட்புறத்தைப் பாருங்கள். நல்ல பெல்ட் மங்கலான கறுப்பாக இருக்கும். வழுக்கிய பெல்ட் கண்ணாடிபோல் மினுங்கும். ஓரத்தில் நூல் பிரிந்திருக்கும், அடியில் கறுப்புத் துகள் படிந்திருக்கும். புது பெல்ட் மட்டும் மாட்டி அனுப்பினால் போதாது. இறுகிய புல்லி அதையும் தின்றுவிடும். புல்லிகளைக் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ரப்பர் வாடையை நம் மூக்கு இவ்வளவு சீக்கிரம் பிடிப்பதற்குக் காரணம் கந்தகம். 1839இல் சார்லஸ் குட்இயர் கந்தகத்தோடு சூடாக்கி ரப்பரை உறுதியாக்கும் வழியைக் கண்டார். இன்றைய டயரும் அந்த வழியில் வந்ததுதான். அளவுக்கு மீறிச் சூடானால் கந்தகச் சேர்மங்கள் ஆவியாக வெளியேறுகின்றன. மிகச் சிறிய அளவிலேயே அவற்றை நம்மால் முகர முடியும். சமையல் எரிவாயு கசிந்தால் தெரிய வேண்டும் என்று அதில் கலப்பதும் ஒரு கந்தகச் சேர்மம்தான். ஆனால் அதே வாடையில் சில நிமிடம் இருந்தால் மூக்கு பழகிவிடும். அதனால் வாடை போய்விட்டது என்று நம்பாதீர்கள். வெளியே இறங்கி, காற்று வாங்கிவிட்டு மறுபடி முகர்ந்து பாருங்கள்.

சைலன்சரில் ஒட்டி உருகும் பிளாஸ்டிக் பை, சூடான மானிஃபோல்டில் சொட்டும் ஆயில் இவையும் இதேபோல் ஏமாற்றும். பையை ஆறியபின் சுரண்டிவிடலாம். ஆயிலுக்குப் பேக்கிங் மாற்ற வேண்டும்.

ஒன்றில் மட்டும் ஆராய்ச்சி வேண்டாம். கண் எரியும் அளவுக்குக் காரமான பிளாஸ்டிக் வாடை வந்தால் அது வயரிங். எலி கடித்த வயராக இருக்கலாம், பின்னால் சேர்த்த விளக்காக இருக்கலாம். உடனே ஓரங்கட்டுங்கள், எஞ்சினை அணையுங்கள், எல்லோரையும் இறக்கித் தள்ளி நிற்க வையுங்கள். புகை வந்தால் பானெட்டை முழுதாகத் திறக்காதீர்கள். காற்று புகுந்தால் தீ பற்றிக்கொள்ளும். எரிந்த ஃபியூஸுக்குப் பதில் பெரிய ஃபியூஸ் போட ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

அடுத்த முறை மெக்கானிக்கிடம் "ஏதோ வாடை வருது" என்று மட்டும் சொல்லாமல், ஏற்றமா இறக்கமா, ஏ.சி. ஓடியதா, எந்தச் சக்கரம் சுட்டது என்று சேர்த்துச் சொல்லுங்கள்.