சென்னைத் தென்பகுதிப் படக்கொட்டகைகள்: வரலாறு காணும் நெறி

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர் அவ்வூர்க் கோயிலையும் ஏரியையும் கல்வெட்டையும் முதற்கண் நாடுவர். அவை பழமையுடையன ஆதலின் அது தக்கதே. ஆயினும், கடந்த நூறாண்டுகளில் அவ்வூரார் மாலைப்பொழுதில் எங்குக் கூடினர், யாருக்கு அருகில் யார் அமர்ந்தனர், என்ன விலை கொடுத்து எந்த வாயிலின் வழியே உள்ளே சென்றனர் என்னும் வினாக்களுக்குக் கல்வெட்டு விடை கூறாது. அவ்விடையைப் படக்கொட்டகையிடமே கேட்டறிதல் வேண்டும். சென்னை நந்தனத்தை நடுவாகக் கொண்டு சைதாப்பேட்டை, தியாகராய நகர், மயிலாப்பூர், அடையாறு முதலிய சுற்றுப்பகுதிகளில் இருந்த கொட்டகைகளைப் பற்றி யாம் ஆராய முற்பட்டபொழுது எதிர்ப்பட்ட இடர்களையும், அவற்றைக் கடக்கும் வழிகளையும் ஈண்டு எடுத்துரைக்கின்றோம்.

இவ்வாராய்ச்சி வெறும் பழமை நினைவு அன்று. ஈழத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பி அவர்கள் 1981இல் வெளியிட்ட ஆங்கில நூலொன்றில், தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதற் கலைக்களம் படக்கொட்டகையே என்னும் கருத்தை நிறுவினார். கோயிலிலும் கூத்துக்களத்திலும் பிறப்புப்பற்றி இடம் வகுக்கப்பட்டது. கொட்டகையிலோ கையிலுள்ள காசுபற்றி வகுக்கப்பட்டது என்பது அவர் கூற்றின் சாரம். தமிழ்ச் சமுதாய வரலாற்றில் இஃது ஒரு பெருங்கூற்று. பின்வந்தோர் பலரும் இதனை எடுத்தாண்டுள்ளனர். ஆனால், குறிப்பிட்ட ஒரு கொட்டகையை எடுத்துக்கொண்டு, அதன் வாயில்கள் எத்தனை, தரைக்கும் பெஞ்சுக்கும் நடுவே தடுப்பு இருந்ததா, மகளிர் பகுதி எப்பக்கம் இருந்தது என்று பார்த்து இக்கூற்றை உரைத்துக் காண முயன்றோர் மிகச் சிலரே. சிறு கொட்டகைகளின் வரலாறு எழுதப்படாத வரையில் இக்கூற்று மெய்ப்பிக்கப்படவும் மாட்டாது, மறுக்கப்படவும் மாட்டாது.

இதுகாறும் எழுதப்பட்டவை பெரும்பாலும் ‘முதல் கொட்டகை எது?’ என்னும் வழக்கிலேயே நின்றுவிட்டன. மவுண்ட் சாலையில் (இன்றைய அண்ணா சாலை) வார்விக் மேஜர் என்னும் ஆங்கிலேயர் 1913இல் தொடங்கிய எலக்ட்ரிக் தியேட்டர் முதலாவது என்பர் ஒரு சாரார். அக்கட்டடம் பின்னர் அஞ்சல் துறையின் உடைமையாகி, இன்றும் அஞ்சல் நிலைய வளாகத்தினுள் நிற்கின்றது. நிழற்படக் கலைஞரான இரகுபதி வெங்கையா 1914இல் கட்டிய கெயிட்டியே முதலாவது என்பர் மற்றொரு சாரார். முன்னையது ஆங்கிலேயர் உடைமை, பின்னையது இந்தியர் உடைமை. ஆகவே, ‘முதல்’ என்பதன்முன் எந்த அடைமொழியை வைக்கின்றோம் என்பதைப் பொறுத்து இருவர் கூற்றும் மெய்யாகும். நிலையான கொட்டகை எழுவதற்கு முன்னரே விக்டோரியா பொது மண்டபத்தில் படம் காட்டப்பெற்றது. அதனையும் சேர்த்து எண்ணினால் வழக்கு வேறாகிவிடும்.

இம்மண்டபக் காட்சியைப் பற்றியே ஒரு செய்தி கூறுதல் தகும். சென்னையில் முதற்படம் காட்டப்பெற்றது 1897இல் என்று நூல்தோறும் எழுதப்பட்டுவந்தது. ஒருவர் எழுதியதை மற்றவர் எடுத்தெழுத, அவ்வாண்டு ஐயமற்ற உண்மைபோல் நிலைபெற்றது. ஸ்டீபன் ஹியூஸ் என்னும் ஆய்வாளர் அக்கால நாளிதழ்களின் பக்கங்களை நேரிற் புரட்டிப் பார்த்து, 1896ஆம் ஆண்டின் இறுதியிலேயே சென்னையிற் படம் காட்டப்பெற்றமையை எடுத்துக்காட்டினார். ஓராண்டு வேறுபாடு சிறிதே. எனினும் மூலத்தைக் காணாது வழிநூலை நம்புவதால் வரும் கேட்டை அது நன்கு உணர்த்துகின்றது. மவுண்ட் சாலைக்கே இந்நிலை எனின், எவரும் எழுதாத தென்பகுதிக்கு யாது நிலை என்று கூறவேண்டுவதில்லை.

தென்பகுதியின் கொட்டகைகள் பெரும்பாலும் காலத்தாற் பிந்தியன. அதற்கு நிலமே காரணம். அண்ணா சாலைக்கு மேற்கே நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம்வரை நீண்ட ஏரி ஒன்று கிடந்தது. இன்று தியாகராய நகர் என வழங்கும் குடியிருப்பு, 1920களில் அவ்வேரியின் ஒரு பகுதியைத் தூர்த்து அமைக்கப்பெற்றதே. ஊமைப்படக் காலத்தில் சார்ச்சு டவுனிலும் மவுண்ட் சாலையிலும் மக்கள் வரிசையில் நின்று சீட்டு வாங்கியபொழுது, இப்பகுதியின் பெருநிலம் நீராகவே இருந்தது. நீர் நிலமாகி, நிலம் மனையாகி, மனையில் மக்கள் குடியேறிய பின்னரே கொட்டகை தோன்றக்கூடும். ஆகவே ஒரு பகுதியின் கொட்டகை வரலாற்றை அப்பகுதியின் குடியேற்ற வரலாற்றினின்று பிரித்து எழுதுதல் இயலாது. மயிலாப்பூர் மட்டும் இவ்விதிக்கு அடங்காது. அது பழைய ஊர். அதற்குத் தனி விளக்கம் தேவை.

இனிச் சான்றுகளைப் பற்றிக் கூறுவாம். அவற்றுள் தமிழ்த்துறையினர்க்கு எளிதில் எட்டுவதும், பிறர் கருதாது விடுவதும் சொல்லே. ‘கொட்டகை’ என்னும் சொல் கீற்று வேய்ந்த சாலைக்குரியது. நாடகம் கீற்றுச்சாலையில் நடந்த காலத்தில் அது நாடகக் கொட்டகை எனப்பட்டது. படம் வந்ததும் அச்சொல் அப்படியே படத்துக்கும் ஆயிற்று. பின்னர்ச் செங்கல்லும் சுண்ணமும் கொண்டு மாளிகை போன்று கட்டியபோதும், குளிர்காற்றுக் கருவி பொருத்தியபோதும், மக்கள் அதனைக் கொட்டகை என்றே அழைத்தனர். ஒரு நாளின் காட்சிகளை ‘முதல் ஆட்டம்’, ‘இரண்டாம் ஆட்டம்’ என எண்ணுவதும் இத்தகையதே. திரையில் ஆடுவார் எவரும் நேரில் இல்லை. கூத்தின் சொல் மட்டும் எஞ்சி நிற்கின்றது. ‘டாக்கீஸ்’ என்பது பேசும்படம் வந்த 1931க்குப் பின்னர்ப் பரவிய பெயர். ஆதலின் அப்பெயருடைய கொட்டகை அவ்வாண்டுக்குப் பிற்பட்டது என முடிவு செய்ய மனம் விழையும். அது பிழையாதலும் உண்டு. தமிழ் பேசிய முதற்படமெனப்படும் ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31இல் திரையிடப்பெற்ற கினிமா சென்ட்ரல், பிற்காலத்தில் முருகன் டாக்கீஸ் எனப் பெயர் மாறிற்று. பெயர் பிந்தியது, கட்டடம் முந்தியது.

‘திரையரங்கு’ என்னும் இக்காலத் தூய சொல்லையும் நோக்குக. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் அரங்கு என்பது ஆடுவோர் நிற்கும் மேடை. அதன் அகலமும் நீளமும் உயரமும் கோலளவால் அங்குக் கூறப்படுகின்றன. இன்று அரங்கு என்பது காண்போர் அமரும் இடத்தையும் உள்ளடக்கிய முழுக்கட்டடம். ஆடுவோரிடமிருந்து காண்போரிடத்திற்கு இச்சொல் இடம்பெயர்ந்த வரலாறு தனியே ஒரு கட்டுரைக்குரியது.

அடுத்தது நாளிதழ் விளம்பரம். ‘இந்து’, ‘சுதேசமித்திரன்’ போன்ற இதழ்களில் ஒவ்வொரு நாளும் எக்கொட்டகையில் எப்படம் என்னும் செய்தி வந்துள்ளது. நாள் தவறாது கிடைக்கும் இத்தகைய சான்று பண்டை வரலாற்றறிஞர்க்குக் கனவிலும் கிட்டாதது. ஆயினும் இதிலும் ஒரு குறை உண்டு. விளம்பரத்துக்குப் பணம் வேண்டும். மவுண்ட் சாலைப் பெருங்கொட்டகை பெரிய எழுத்தில் தோன்றும்; புறநகர்ச் சிறுகொட்டகையோ தட்டியும் துண்டறிக்கையும் கொண்டு அமைந்துவிடும். இதழில் இல்லாமை ஊரில் இல்லாமை ஆகாது. இவ்விடத்தில் துணைசெய்வன துண்டறிக்கைகளும் படப் பாட்டுப் புத்தகங்களுமே. தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் இவை பேணப்பட்டுவருகின்றன. எனினும் பேணப்பட்டதினும் எடைக்குப் போனதே மிகுதி. யாம் நாடிச் சென்ற ஒரு குடும்பத்தார், தம் முன்னோர் நடத்திய கொட்டகையின் வசூற் பேரேடுகள் ஓர் அறை நிறைய இருந்தன என்றும், நாங்கள் போவதற்கு ஈராண்டு முன்னர்தான் வீட்டை இடிக்கும்பொழுது அவற்றைப் பழந்தாள் வணிகரிடம் கொடுத்துவிட்டதாகவும் கூறினர். அவர்களைக் குறைகூற இயலாது. ‘இதனை யார் கேட்கப் போகின்றார்கள் என்றிருந்தோம்’ என்றார் அக்குடும்பத்து மூத்தவர். கேட்காதிருந்தவர் நாமே.

முதியோர் நினைவை எவ்வாறு கொள்வது என்பதில் யாம் முதலில் இடறினோம். நந்தனத்தில் வாழும், தொண்ணூறு ஆண்டை நெருங்கிய பெரியவர் ஒருவர், சைதாப்பேட்டைக் கொட்டகையொன்றில் ‘பராசக்தி’ வெளிவந்த தீபாவளியன்றே அதனைப் பார்த்ததாக உறுதியாகக் கூறினார். அப்படம் வெளிவந்தது 1952. எனவே அக்கொட்டகை 1952இல் இருந்தது என்று குறித்துக்கொண்டோம். உள்ளிருந்து வந்த அவர் மனைவியார், ‘அதை என்னோடுதானே பார்த்தீர்கள்’ என்றார். அவர்கள் திருமணமோ 1958இல் நிகழ்ந்தது. பெரியவர் சிறிது எண்ணிப் பார்த்துவிட்டு, தீபாவளியன்று பார்த்தது நகர நடுவில் என்றும், சைதாப்பேட்டையில் பார்த்தது அம்மையாருடன் என்றும் நகைத்துக்கொண்டே திருத்தினார். இருவர் நினைவும் பிழையன்று. இரண்டு காட்சிகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. அக்காலத்தில் ஒரு படம் நகர நடுவில் ஓடி ஓய்ந்த பின்னரே புறநகர்க்கு வரும். ஆண்டுகள் கழித்து மீண்டும் வரும். ஆகவே படத்தின் ஆண்டு, கொட்டகை நினைவுக்கு மேலெல்லையைத் தருமேயன்றி உரிய ஆண்டைத் தாராது. மாறாக, சீட்டின் விலை, தரையில் மணல் பரப்பியிருந்தமை, மகளிர்க்குத் தனிவழி இருந்தமை முதலியவற்றைப் பற்றித் தனித்தனியே வினவிய முதியோர் பலரும் பெரும்பாலும் ஒத்தே கூறினர். நினைவு ஆண்டை மறக்கும், இடத்தை மறவாது.

யாவற்றினும் வலிய சான்று உரிமம் பற்றிய ஆவணம். படக்கொட்டகைச் சட்டம் தோன்றியது கலையின் பொருட்டு அன்று, தீயின் பொருட்டு. அந்நாளைய படச்சுருள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டுப் பொருளால் ஆயது. பாரிசு நகரில் 1897 மே மாதத்தில் அறக்கொடைச் சந்தை ஒன்றில் படக்கருவியின் விளக்கிலிருந்து எழுந்த தீ நூற்றிருபதுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. இங்கிலாந்தில் 1909ஆம் ஆண்டுச் சட்டமும், இந்தியாவில் 1918ஆம் ஆண்டுச் சட்டமும் இவ்வச்சத்தை உட்கொண்டே எழுந்தன. இந்தியச் சட்டம் தணிக்கையையும் உடன் சேர்த்துக்கொண்டது. சென்னை மாநிலத்தில் 1955இல் தனிச்சட்டமும் 1957இல் அதற்குரிய விதிகளும் வந்தன. படக்கருவி அறை எப்படி அமைய வேண்டும், வெளியேறும் வழிகள் எத்தனை, இருக்கைகளின் இடைவெளி எவ்வளவு என்பனவெல்லாம் உரிமம் வேண்டுவோர் வரைபடத்தோடு காட்ட வேண்டியவை. கொட்டகைக்காரர் இன்றும் ‘சி பாரம்’ என்று சொல்லும் உரிமம் இச்சட்டத்தின் வழிவந்தது. அது குறித்த காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படவேண்டியது ஆதலின், முழுக்கோப்பு கிடைக்குமாயின் ஒரு கொட்டகையின் பிறப்பு முதல் இறப்பு வரை நூலில் மணி கோத்தாற்போல் காணலாம். இவ்வுரிமங்கள் மாவட்டங்களில் ஆட்சித்தலைவரிடத்தும் சென்னை நகரில் காவல்துறை ஆணையரிடத்தும் பெறப்பட்டன. நகரெல்லை விரிந்துகொண்டே வந்தமையால், ஒரே கொட்டகையின் கோப்பு முற்பகுதி ஓரலுவலகத்திலும் பிற்பகுதி மற்றோரலுவலகத்திலும் இருத்தல் கூடும் என்பதை ஆய்வோர் மறவாதிருத்தல் நலம்.

ஊமைப்படக் காலத்துக்கு மற்றொரு கருவூலம் உண்டு. சென்னை வழக்கறிஞர் தி. ரங்காச்சாரியார் தலைமையில் 1927இல் அமைக்கப்பெற்ற இந்தியத் திரைப்படக் குழு, சென்னை உட்படப் பல நகரங்களுக்குச் சென்று சாட்சியம் கேட்டு 1928இல் அறிக்கை அளித்தது. அறிக்கையைப் படிப்போர் பலர். அதனோடு அச்சிட்ட சாட்சியத் தொகுதிகளைப் படிப்போர் சிலர். கொட்டகைக்கு எவ்வகையினர் வருகின்றனர், மகளிர் வருகின்றனரா, எவ்வகைப் படத்தை யார் விரும்புகின்றனர் என்று குழுவினர் கேட்க, தொழிலோர் தம் வாய்மொழியாகவே விடை கூறியுள்ளனர்.

தென்பகுதியில் இன்று எஞ்சியவற்றைக் கண்டால் விரைவின் தேவை புலனாகும். நடிகையார் டி. ஆர். ராஜகுமாரி பாண்டி பசாரில் தம் பெயரால் ஒரு கொட்டகை உடையவராயிருந்தார். நகைச்சுவை நடிகர் நாகேஷும் தியாகராய நகரில் தம் பெயரால் ஒன்று அமைத்தார். மயிலாப்பூர்ப் பக்கத்தில் காமதேனுவும் கபாலியும், அடையாற்றில் ஈரோசும் இருந்தன. இவை ஐந்தும் இப்பொழுது படம் காட்டுவன அல்ல. திருவான்மியூர்த் தியாகராஜா புதுப்பிக்கப்பெற்று வேறு பெயர் கொண்டது. அவ்வூர் ஜயந்தியின் பெயர் பேருந்தில் ஏறுவார் வாயில் வழங்குகின்றது. நந்தனத்தில் நிலத்தடி இரயில் நிலையம் 2018இல் திறக்கப்பெற்றது. அவ்வழியின் நிலையப் பெயர்ப்பலகைகளில் எக்கொட்டகைக்கும் இடமில்லை.

இப்பொழுது எம் கையில் இருப்பது ஒரு சிறுகொட்டகையின் கைவரைபடம். முன்னர்க் கூறிய பெரியவரும் அம்மையாரும் தனித்தனியே சொல்லச் சொல்ல யாம் வரைந்தது அது. தரைப்பகுதிக்குத் தெற்கே ஒரு சிறு வாயில். அது பெருந்தெருவிற் படாமல் பின்சந்தில் திறக்கின்றது. நாற்காலிக்கும் மாடிக்கும் செல்வோர் முன்வாயிலால் நுழைவர். உள்ளே ஒரே கூரைதான். ஆனால் பின்சந்து வாயிலால் வந்தவரும் முன்வாயிலால் வந்தவரும் படம் முடிந்தபின்னும் ஒருவரையொருவர் காணாமலே வீடு திரும்பியிருத்தல் கூடும். பின்சந்தில் அக்காலத்துக் குடியிருந்தோர் யாவர் என்பதை வாக்காளர் பட்டியல்களைக் கொண்டு காண முற்பட்டுள்ளோம். அக்கொட்டகையின் உரிம வரைபடம் கோப்பில் கிடைக்குமாயின் அவ்வாயில் தொடக்கத்திலேயே திட்டமிட்டு வைத்ததா, பின்னர்த் திறந்ததா என்பது தெளிவாகும்.