துவக்கு இருக்கும் வீட்டுக்குப் பொலிஸ் வந்தால்...

ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, துணுக்காய், அக்கராயன் என்று காடும் வயலும் முட்டிக்கொள்ளும் இடங்களில், காலபோக நெல் கதிர் தள்ளும் நாட்களில் காட்டுப்பன்றிக்குக் காவல் இருக்காத கமக்காரர் குறைவு. பயிரைக் காக்க முறைப்படி அனுமதி பெற்றுத் துவக்கு வைத்திருப்பவர்களும் இங்கே உண்டு. அப்படியான வீட்டுக்குப் பொலிஸார் வந்து, “உள்ளே பார்க்க வேண்டும்” என்றால் என்ன செய்வது? யுத்தத்தையும் சுற்றிவளைப்புகளையும் கண்ட வன்னியில், பலர் ஒரு கேள்வியும் கேட்காமல் ஒதுங்கி நிற்கிறார்கள். அப்படி ஒதுங்கத் தேவையில்லை. கேட்பதற்குச் சட்டமே இடம் தருகிறது.

துவக்கைக் காட்டுவது வேறு, வீட்டைத் தேடுவது வேறு

துவக்கு வைத்திருப்பதை 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் ஆள்கிறது. அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தவறவிட்டால் அது அனுமதியற்ற துவக்காகிவிடும். பொலிஸார் கேட்டால் பத்திரத்தையும் துவக்கையும் எடுத்துக் காட்டுங்கள். ஆனால் துவக்கு இருக்கிறது என்பதற்காகவே அலுமாரியையும் நெல் மூட்டையையும் கிளறும் உரிமை யாருக்கும் வந்துவிடாது.

அனுமதியில்லாத இடியன் துவக்கின் கதை வேறு. அதை வைத்திருப்பதே குற்றம். வரம்போரம் பொருத்தும் கட்டுத்துவக்கோ பன்றியையும் மனிதரையும் பிரித்தறியாது. இவற்றுக்காக வாதாட இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை.

ஆணை இல்லாமல் எப்போது தேடலாம்?

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, தேடுதல் ஆணை வழங்குபவர் நீதவான். விதிவிலக்குகளும் உண்டு. கைது செய்யப்பட வேண்டியவர் வீட்டுக்குள் இருக்கிறார் என்று நம்பக் காரணம் இருந்தால் பொலிஸார் உள்ளே வரலாம். விசாரணைக்குத் தேவையான பொருளை, கேட்டாலும் ஒப்படைக்கமாட்டார்கள் என்று நம்பக் காரணம் இருக்கும்போதும் தேடுதலுக்கு இடமுண்டு.

பயங்கரவாதத் தடைச் சட்டம் (1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கம்) இன்னும் அகலமானது. அதன் கீழ் வரும் குற்றங்கள் தொடர்பில், பொலிஸ் அத்தியட்சகரோ அவருக்கு மேற்பட்டவரோ ஆணையின்றி வீடு புகுந்து தேடலாம். அவருக்குக் கீழே உள்ளவராயின், குறைந்தது உப பொலிஸ் பரிசோதகராகவும் அத்தியட்சகரின் எழுத்துமூல அதிகாரம் பெற்றவராகவும் இருக்க வேண்டும். அந்த எழுத்தைக் காட்டும்படி கேட்பது குற்றமல்ல.

வாசலில் கேட்க வேண்டியவை

வந்தவரின் பெயர், பதவி, பொலிஸ் நிலையம் ஆகியவற்றைக் கேளுங்கள். எந்தச் சட்டத்தின் கீழ், எதைத் தேடி வந்தார்கள் என்று கேளுங்கள். “நீங்கள் சம்மதித்தால் பார்க்கிறோம்” என்றால், ஆணை கொண்டுவரும்படி மரியாதையாகச் சொல்லலாம். சட்ட அதிகாரம் இருக்கிறது என்று உள்ளே வந்தால் உடலால் தடுக்க வேண்டாம். அது தனிக் குற்றமாகிவிடும். “எனக்குச் சம்மதமில்லை” என்று அயலவர் முன்னிலையில் சொல்லிவிட்டு, கூடவே நின்று பாருங்கள்.

பெண்களைப் பெண்ணே, கண்ணியம் கெடாமல் சோதிக்க வேண்டும். எடுத்துச் செல்லும் பொருட்களின் பட்டியலில் ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள். துவக்கை எடுத்தால் அதில் பொறித்த தொடர் இலக்கமும் தோட்டாக்களின் எண்ணிக்கையும் அப்படியே பதியப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். பட்டியல் சிங்களத்தில் இருந்தால், வாசித்து விளங்கப்படுத்தும்வரை கையொப்பமிட வேண்டாம். வடக்கில் தமிழ் நிர்வாக மொழி. இது அரசியலமைப்பு தந்த உரிமை.

அதற்குப் பிறகு

கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும். சாதாரண சட்டத்தின் கீழ் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். உரிமை மீறப்பட்டதாகக் கருதினால், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாட வேண்டும். நாட்கள் வேகமாக ஓடிவிடும். அதனால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு உடனே அழையுங்கள். வழக்கறிஞருக்கு வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம்.

பத்திரம் புதுப்பிக்க வரும் ஒவ்வொருவர் கையிலும் இந்த விதிகளைத் தமிழில் அச்சிட்ட ஒரு தாளை மாவட்டச் செயலகங்கள் கொடுக்க வேண்டும். கமக்காரர் அமைப்புகள் அதைக் கூட்டங்களில் வாசித்து விளக்க வேண்டும். சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத் துவக்கு வைத்திருப்பவர், தன் வீட்டுக்குள் வருபவரும் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்று கேட்பது நியாயமே.