உங்களுக்குத் தெரியுமா? ஓடும் காரை நிறுத்திவிடும் சின்ன சென்சார்

எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட் எந்த நிலையில் சுழல்கிறது என்று எஞ்சின் கணினிக்குச் சொல்வது ஒரு சின்ன சென்சார்தான். அந்தத் தகவல் நின்றால் எரிபொருளும் தீப்பொறியும் நின்று, வண்டி நடுச்சாலையில் அணைந்துவிடும், ஸ்டீயரிங் கனத்துப்போகும். கொடுமை என்னவென்றால், சூட்டில் செயலிழக்கும் சென்சார் ஆறியதும் மறுபடி வேலை செய்யும். மெக்கானிக் கையில் பழுதே சிக்காது. ஆகவே ஓட்டுநர்களின் புகார்கள் ஓரிடத்தில் சேர்வது மிக அவசியம். அமெரிக்காவில் அவற்றைத் திரட்டுவது நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ. ஒரே மாடல் மீது ஒரே புகார் குவிந்தால் முதற்கட்ட ஆய்வு, பிறகு பொறியியல் ஆய்வு, தேவைப்பட்டால் ரீகால். 2003-இல் எஞ்சின் சென்சார் கோளாறுக்காக நிஸ்ஸான் உலகெங்கும் சுமார் 25 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ரீகால் பழுதை உரிமையாளருக்கு இலவசமாகவே சரிசெய்து தர வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம்.