நாணேற்றும் நேரம்
(போட்டிக்கு முந்தைய வலுப்பயிற்சியும் வீரரின் விசையாற்றலும்)

கொல்லிமலையை ஆண்ட ஓரியை வல்வில் ஓரி என்றே தமிழுலகம் அழைத்து வருகிறது. அவன் தொடுத்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றைக் கடந்து புற்றிலிருந்த உடும்பில் சென்று தைத்ததாக வன்பரணர் புறநானூற்றில் பாடியுள்ளார். இப்பாடலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவர் நகைப்பதுண்டு. அவர்கள் நகைக்கட்டும். நாம் ஈண்டு எண்ணிப் பார்ப்பது அம்பினை அன்று; வில்லினை. வில்லாளன் எப்பொழுதும் நாணேற்றிய வில்லுடன் திரிவதில்லை. நாளெல்லாம் நாணேற்றியே வைத்த மரவில் தன் விசையை இழந்து தளர்ந்துபோகும். களம் நெருங்கும் வேளை பார்த்தே அவன் நாணேற்றுவான். ஓட்டம், தாண்டுதல், எறிதல் முதலியவற்றில் ஈடுபடுவோரின் உடலைப் பற்றி இந்நாளைய விளையாட்டு அறிவியல் கூறுவதும் ஏறத்தாழ இதுவேயாகும்.

தமிழாசிரியருக்கு இத்துறையில் என்ன வேலை என்று கேட்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரிகளுக்கிடையே நடந்த தடகளப் போட்டி ஒன்றிற்கு, உடற்கல்வி இயக்குநர் வர இயலாமையால், மாணவர்க்குத் துணையாக நாம் செல்ல நேர்ந்தது. நீளம் தாண்டுதலில் நம் மாணவர் ஒருவர்மீது அனைவர்க்கும் நம்பிக்கை இருந்தது. நாமக்கல்லை அடுத்த சிற்றூரைச் சேர்ந்தவர். தந்தையார் லாரி ஓட்டுநர். அன்று முதல் மூவருள் ஒருவராக வந்தால் பல்கலைக்கழக அணித் தேர்வுக்குச் செல்லலாம். அங்கிருந்து விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை என்பது அக்குடும்பத்தின் கனவு. போட்டிக்குச் சற்றுமுன் கடும் வலுப்பயிற்சி செய்தால் கால்களில் விசை ஏறும் என்று மூத்த மாணவர் ஒருவர் அவரிடம் கூறியிருக்கிறார். இவரோ நண்பனைத் தோளில் ஏற்றிக்கொண்டு முப்பது, நாற்பது பஸ்கி எடுத்துவிட்டார். மூச்சு வாங்கி முடிப்பதற்குள் ஒலிபெருக்கியில் அவர் பெயர் ஒலித்தது. முதல் தாண்டல் பிழையாயிற்று. அடுத்த இரண்டும் அவர் நாள்தோறும் பயிற்சியில் தாண்டும் தொலைவைக்கூட எட்டவில்லை.

“ஐயா, கால் என்னுடையதாகவே இல்லை” என்றார். நமக்கு மறுமொழி கூறத் தெரியவில்லை. சொல்லுக்கு இலக்கணம் கற்ற நமக்குத் தசையின் இலக்கணம் அன்று தெரியாது. பின்னர் உடற்கல்வித் துறையினரிடம் கேட்டும் கிடைத்த கட்டுரைகளைப் படித்தும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

முதலில் சொல்லவேண்டியது, அந்த மூத்த மாணவர் கூறியது முழுப்பொய் அன்று என்பதாகும். முந்திய முயற்சி பிந்திய முயற்சியை வலுப்படுத்தும் என்பது நெடுநாளைய அறிவு. 1871ஆம் ஆண்டிலேயே பௌடிச் என்னும் அறிஞர் தவளையின் இதயத்தசையை அடுத்தடுத்துத் தூண்டியபோது, ஒவ்வொரு சுருக்கமும் முன்னதைவிடச் சிறிது ஓங்கிப் படிக்கட்டுப்போல் உயர்வதைக் கண்டார். எலும்போடு இணைந்த தசைகளிலும் இதனையொத்த ஒன்று நிகழ்கிறது. மயோசின் என்னும் இழையின் தலைகள் ஆக்டின் என்னும் இழையைப் பற்றி இழுப்பதனால்தான் தசை சுருங்குகிறது. அவ்வாறு இழுக்கத் தூண்டுவது கால்சியம். கடுமுயற்சி ஒன்றிற்குப் பின் மயோசினின் ஒரு பகுதியில் பாஸ்பேட் சேர்கிறது. அதனால் அதே அளவு கால்சியத்திற்குத் தசை முன்னிலும் கூர்மையாக எதிர்வினை புரிகிறது. விரைந்து சுருங்கும் தசையிழைகளில் இவ்விளைவு மிகுதி. தாண்டுவோர்க்கும் எறிவோர்க்கும் அவ்விழைகளே உயிர்நாடி என்பதால் பயிற்றுநர் பலர் இதன்மீது ஆர்வம் கொண்டனர்.

ஆயின் கடுமுயற்சி விட்டுச்செல்வது வலுவை மட்டுமன்று. களைப்பையும் சேர்த்தே விட்டுச்செல்கிறது. இரண்டும் ஒரே தசையில் ஒரே நேரத்தில் குடியிருக்கின்றன. பயிற்சி முடிந்த உடனே களைப்பின் கை ஓங்கியிருக்கும். நிமிடங்கள் செல்லச்செல்லக் களைப்பு விரைந்து வடியும். வலு சிறிது தங்கும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஒரு குறுகிய வேளைதான் வீரருக்குரியது. நம் மாணவர் களைப்பு உச்சத்திலிருந்த நேரத்தில் ஓடுபாதையில் கால் வைத்தார். மேலும், நாற்பது பஸ்கி என்பது விசையேற்றும் அளவே அன்று; சோர்வேற்றும் அளவு.

அளவும் இடைவேளையும் எவ்வளவு? 32 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி 2013இல் வெளிவந்த கட்டுரை ஒன்று, ஒருவர் ஒருமுறை தூக்கவல்ல உச்சப் பளுவில் 60 முதல் 84 விழுக்காடு வரையிலான பளுவே அதனினும் மிக்க பளுவைவிட நற்பயன் தருவதாகவும், பயிற்சிக்குப்பின் 7 முதல் 10 நிமிட ஓய்வு ஏற்றதாகவும், பல்லாண்டு பயின்றவர்க்கே பயன் மிகுதி எனவும் கண்டது. புதிதாகப் பயிற்சிக்கு வந்தவர்க்குப் பெரும்பாலும் களைப்பே எஞ்சும். நன்கு பயின்றவர்க்கும் கிட்டும் ஏற்றம் சில விழுக்காடு அளவே. அதனை எள்ளற்க, நீளம் தாண்டுதலில் பதக்கத்தைப் பிரிப்பது பல நேரங்களில் விரலகலமே.

இவ்விடத்தில் அறிஞரிடையே ஒரு திருத்தமும் நிகழ்ந்துள்ளது. மேற்கூறிய பாஸ்பேட் விளைவு அரை நிமிட அளவிலேயே பாதியாகத் தேய்ந்துவிடும். அவ்வாறாயின் ஏழெட்டு நிமிடம் கழித்துக் காணும் ஏற்றத்திற்கு அது மட்டும் காரணமாக இருத்தல் இயலாது. பிளாசெவிச், பபோ என்னும் இருவர் 2019இல் இதனைச் சுட்டிக்காட்டி, தசையின் வெப்ப உயர்வு, தசைக்குள் நீர் புகுதல், நரம்பின் தூண்டல் ஆகியவற்றையும் கருதவேண்டும் என எழுதினர். தசையின் வெப்பம் ஒரு பாகை செல்சியசு உயர்ந்தாலே விசையாற்றல் 2 முதல் 5 விழுக்காடு வரை கூடும் என்று கணக்கிட்டுள்ளனர். அஃதாவது, பளுவின் மாயம் என்று நாம் எண்ணியதில் ஒரு பங்கு, உடல் நன்கு சூடேறியதன் பயனே. ஏழை மாணவர்க்கு இது நற்செய்தி என்றே நாம் கருதுகிறோம். சூடேற இரும்புப் பளு வேண்டியதில்லை, கால்கள் போதும்.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலுவை இந்நாட்டில் அறியாதார் இல்லை. ஐந்து வயதில் பேருந்து ஏறி வலக்கால் சிதைந்த அவர், 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். 2021இல் நடந்த டோக்கியோ போட்டியில் 1.86 மீட்டர் தாண்டி வெள்ளி பெற்றார். அன்று இடையிலே மழை பிடித்துக்கொண்டது. குறைபாடுற்ற காலில் அணிந்திருந்த காலுறை நனைந்து, எழும்புவது கடினமாயிற்று என்று அவரே பின்னர்க் கூறினார். 2024இல் கோபே உலகப் போட்டியில் 1.88 மீட்டருடன் தங்கமும், அவ்வாண்டே பாரிசில் 1.85 மீட்டருடன் வெண்கலமும் பெற்றார். ஒரே வீரரின் இவ்வளவுகளுக்கிடையே உள்ள வேறுபாடு நான்கு சென்டிமீட்டர். பதக்கத்தின் நிறமோ மூன்று.

உயரம் தாண்டுதலில் காத்திருப்பு வீரரின் கையில் இல்லை. மூவருக்கு மேற்பட்டோர் களத்தில் இருக்கும்வரை ஒரு முயற்சிக்கு ஒரு நிமிடம். இருவர் அல்லது மூவர் எஞ்சினால் ஒன்றரை நிமிடம். பன்னிருவர் இருப்பின் தம் முறை மீண்டும் வரப் பத்து நிமிடத்திற்கு மேலும் ஆகலாம். பெரும் போட்டிகளில் வீரர்களை முன்கூட்டியே ஓர் அறையில் அமர்த்தி, பெயர் சரிபார்த்து, அழைத்துச் செல்வர். அங்கே பளுத்தண்டு ஏது? எனவேதான் கருவி வேண்டாத துள்ளல்களையும், சிறு மேடையிலிருந்து குதித்து உடனே எழும்பும் பயிற்சியையும் பயிற்றுநர் நாடுகின்றனர். நெடுநேரம் தசையை இழுத்துப் பிடித்து நிற்கும் பயிற்சியைப் போட்டிக்குச் சற்றுமுன் தவிர்ப்பது நலம். ஒரு தசையை ஒரு நிமிடத்திற்கு மேல் அவ்வாறு நீட்டினால் விசை சற்றுக் குறையும்.

குளிர்நாட்டு நூல்கள் உடலைச் சூடாக்கு, சூடாக்கு என்று வற்புறுத்துகின்றன. நம் சமவெளியின் நிலை வேறு. காலை எட்டு மணிக்குத் திடலில் இறங்கும் மாணவர் பிற்பகல் இரண்டு மணிக்கு நடக்கும் போட்டிக்காக வெயிலிலேயே நின்று, கைதட்டி, தேநீர் மட்டும் பருகிக் காய்ந்துகிடக்கிறார். தசை சூடாக இருக்கவேண்டுமே தவிர ஆள் வாடக்கூடாது. பந்தல் ஒன்றும் குடிநீரும் இல்லாத திடலில் இடைவேளைக் கணக்கைப் பேசுவது வீண் என்பது நம் கருத்து. போட்டி அமைப்போர் நேர அட்டவணையை ஓரளவேனும் காப்பாற்றினால், பத்து நிமிடம் முன்னதாக நாணேற்ற மாணவர்க்கு இயலும்.

அந்த மாணவர் சோர்ந்துவிடவில்லை. அடுத்த ஆண்டு முழுவதும், பயிற்சிநாள்களில் மட்டும், ஐந்து துள்ளலா எட்டா, நான்கு நிமிட ஓய்வா எட்டா என்று மாற்றிமாற்றிப் பார்த்துத் தாண்டிய தொலைவை ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தார். எட்டு நிமிடம் தமக்கு ஒத்துவருவதாகக் கண்டார். உடன் பயின்ற மற்றொருவருக்கு ஐந்து போதுமானதாக இருந்தது. போட்டியன்று யாரையும் தோளில் ஏற்றவில்லை. வேப்பமரத்தடியில் படுத்திருந்தார். முறை நெருங்கியதும் எழுந்து மெல்ல ஓடி, ஐந்துமுறை துள்ளி, மீண்டும் நிழலுக்கே வந்து நின்றார். மூன்றாம் இடம் கிடைத்தது.

“தம்பி, இது துள்ளலால் வந்ததா, ஓராண்டுப் பயிற்சியால் வந்ததா?” என்று கேட்டோம்.

“மரத்தடியால் வந்தது ஐயா” என்று கூறி, காலணியில் புகுந்த மணலைத் தட்டத் தொடங்கினார்.