பாதை சொல்லும் பெட்டியும் வண்டி ஓட்டும் நீங்களும்

ஜப்பானிலிருந்து இறக்குமதியான பாவித்த கார் ஒன்றில் ஏறி, திறப்பைத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? டேஷ்போட்டின் நடுவே ஒரு திரை ஒளிரும். இனிமையான பெண் குரலொன்று ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லும். அந்தத் திரைக்குள் டோக்கியோவின் சந்துபொந்துகள் எல்லாம் இருக்கும். நமது அக்குறணைச் சந்தி இருக்காது. அந்தக் கருவியில் குறையொன்றுமில்லை. அதற்குள் வைக்கப்பட்ட வரைபடம் ஜப்பானுடையது, அவ்வளவுதான்.

லண்டனிலிருந்து விடுமுறையில் வரும் மச்சான் அன்போடு கொண்டுவந்து தரும் கையடக்க வழிகாட்டிக் கருவியின் கதையும் பெரும்பாலும் இதுவே. கார்மின், டொம்டொம் போன்ற கம்பனிகள் தம் கருவிகளைப் பிராந்தியம் பிராந்தியமாகப் பிரித்தே விற்கின்றன. ஐரோப்பாவில் வாங்கியதில் ஐரோப்பா இருக்கும். இலங்கை இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆகவே, இத்தகைய கருவியொன்றை வாங்க எண்ணும் வாசகர்களே, கடையில் நீங்கள் கேட்கவேண்டிய முதற் கேள்வி விலையைப் பற்றியதல்ல. இலங்கை வரைபடம் உள்ளே இருக்கிறதா? இருந்தால், எந்த ஆண்டைச் சேர்ந்தது? "இருக்குது சேர், எல்லாம் இருக்குது" என்ற கடைக்காரரின் பதிலோடு திருப்திப்பட்டுவிடாதீர்கள். கருவியைக் கையில் வாங்கி உங்கள் வீட்டு ஒழுங்கையைத் தேடிப் பாருங்கள். பின்னர் மீரிகமவுக்கும் குருநாகலுக்கும் இடையிலான அதிவேகப் பாதையைத் தேடுங்கள். அது திறக்கப்பட்டது 2022 ஜனவரியில். அது காணப்படவில்லையென்றால் வரைபடம் அதற்கு முந்தியது. கொட்டாவையிலிருந்து காலி வரையான அதிவேகப் பாதையே இல்லையென்றால் வரைபடம் 2011 நவம்பருக்கும் முந்தியது. அந்தக் கருவியை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மச்சான் தந்த கருவியை என்ன செய்வது? அது கார்மின் வகையாயின் வழியுண்டு. 2004 இல் ஆரம்பிக்கப்பட்ட 'ஓப்பன் ஸ்ட்ரீட் மெப்' என்ற, உலகெங்குமுள்ள தொண்டர்கள் வரைந்துவரும் இலவச வரைபடம் இலங்கையையும் உள்ளடக்கியது. கார்மின் கருவிகளுக்கு ஏற்றவாறு அதனை ஆக்கி வைத்திருக்கிறார்கள். கொம்பியூட்டர் தெரிந்த பிள்ளையொன்று வீட்டிலிருந்தால் ஒரு மெமரி கார்ட்டில் அதனை ஏற்றிக்கொள்ளலாம்.

இக்கருவி எவ்வாறு வேலை செய்கிறது என்பதைச் சற்றுத் தெரிந்துகொண்டால் அதனிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது விளங்கும். பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் அமெரிக்காவின் ஜீ.பி.எஸ். செய்மதிகள் சுற்றிவருகின்றன. ஒவ்வொன்றும் ஒரு நாளைக்கு இரண்டு முறை பூமியை வலம் வரும். ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது நேரம் இது" என்று அவை ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. உங்கள் கருவி செய்வதெல்லாம் கேட்பது மட்டுமே. குறைந்தது நான்கு செய்மதிகளின் குரல் எவ்வளவு தாமதித்து வந்தது என்பதை அளந்து, தான் இருக்கும் இடத்தைக் கணக்கிடுகிறது. நேரத்தில் ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தூரத்தில் 300 மீற்றர் பிசகும் என்றால், அந்தக் கடிகாரங்களின் நுட்பத்தை எண்ணிப் பாருங்கள்.

இத்தொகுதி முழுமையாக இயங்கத் தொடங்கியது 1995 இல். ஆனால் பொதுமக்களுக்கான சமிக்ஞையில் அமெரிக்க இராணுவம் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. நூறு மீற்றர் வரை தவறக்கூடிய கருவியை நம்பி எந்தச் சந்தியில் திரும்புவது? 2000 ஆம் ஆண்டு மே மாத ஆரம்பத்தில் அக்கலப்படம் நிறுத்தப்பட்டது. அதன் பிறகே வாகனத்துக்கான கருவிகள் சந்தையை நிறைத்தன. இன்று வானம் திறந்த வெளியில் சுமார் 5 மீற்றருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். ரஷ்யா, ஐரோப்பா, சீனா ஆகியவற்றின் செய்மதிகளையும் சேர்த்துக் கேட்கும் கருவிகள் இப்போது வருகின்றன. உயரமான கட்டடங்களுக்கிடையில் அவை நன்கு கைகொடுக்கும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். செய்மதி உங்களுக்குச் சொல்வது நீங்கள் நிற்கும் இடத்தை மட்டுமே. பாதையைச் சொல்வது செய்மதியல்ல. கருவிக்குள் இருக்கும், யாரோ மனிதர்கள் என்றோ வரைந்த வரைபடம். முன்னது பெரும்பாலும் தவறுவதில்லை. பின்னது தவறும்.

2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடந்தது இது. மரணப் பள்ளத்தாக்கு என்று பெயர் பெற்ற பாலைவனத்தினூடாக ஒரு தாய் தன் 6 வயது மகனோடு வாகனத்தில் சென்றார். கருவி காட்டிய பாதை ஆளரவமற்ற மண் தடமாகி, சக்கரம் மணலில் புதைந்தது. கைத்தொலைபேசிக்கு அங்கே தொடர்பில்லை. சில நாட்களின் பின் வனக் காவலர் அவர்களைக் கண்டுபிடித்தபோது தாய் மட்டுமே உயிரோடிருந்தார். 'ஜீ.பி.எஸ். மரணம்' என்றொரு சொல்லே அந்தக் காவலர்கள் மத்தியில் வழங்கலாயிற்று. கைவிடப்பட்ட பழைய தடங்களை வரைபடங்களிலிருந்து நீக்கும்படி அப்பூங்கா அதிகாரிகள் கருவிக் கம்பனிகளைக் கேட்க வேண்டியதாயிற்று.

நமது நாட்டில் அத்தகைய பாலைவனம் இல்லைதான். ஆனால் புத்தளத்திலிருந்து எலுவன்குளம் ஊடாக, வில்பத்துக் காட்டைக் கடந்து மன்னாருக்குச் செல்லும் பழைய பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் பார்த்தால், அநுராதபுரம், மதவாச்சி என்று சுற்றிச் செல்வதைவிட அது எவ்வளவோ குறுகியது. கலா ஓயா பெருக்கெடுத்தால் எலுவன்குளம் சப்பாத்துப் பாலம் தண்ணீருக்குள் போய்விடும் என்பது கருவிக்குத் தெரியாது. அது தேசிய வனத்தினூடான பாதை, பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறதா இல்லையா என்பதும் தெரியாது. ஹபரணையை அண்டிய வீதிகளில் இருட்டியபின் யானை நிற்கும் என்பதும் அவ்வாறே. கருவிக்கு ஒரு கோடும் இன்னொரு கோடும் ஒன்றுதான். எது நீளம் குறைந்தது என்பதே அதன் கவலை. பின்னாசனத்தில் உம்மாவும் பிள்ளைகளும் தூங்கிக்கொண்டிருக்க, இரவு பதினொரு மணிக்கு ஒரு கிரவல் பாதையின் நடுவே இதைக் கண்டுபிடிப்பதில் பயனில்லை.

எனவேதான் எஞ்சினை இயக்குமுன் செய்யவேண்டிய வேலையே இக்கருவியின் பாவனையில் பெரும் பங்கு. அமைப்புகளுக்குள் சென்று 'குறுகிய பாதை' என்பதை மாற்றி 'விரைவான பாதை' என்று வையுங்கள். 'செப்பனிடாத பாதைகளைத் தவிர்' என்றொரு தெரிவு அநேகமாக எல்லாக் கருவிகளிலும் உண்டு. அதைப் போட்டு வையுங்கள். பிறகு முழுப் பாதையையும் திரையில் சுருக்கி ஒரு முறை பாருங்கள். இடையில் என்னென்ன ஊர்கள் வருகின்றன? கொழும்பிலிருந்து காத்தான்குடிக்குப் போகிறவர் பொலன்னறுவை வழியா, மஹியங்கனையின் வளைவுகள் வழியா என்பதை வீட்டில் வைத்தே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். மலைப்பாதை பழக்கமில்லாத சாரதிக்குக் கருவி அந்த வளைவுகளைத் தயக்கமின்றிக் காட்டிவிடும். கியரைக் குறைத்து இறங்கு என்று அது சொல்லாது. அது காட்டும் நேரத்தையும் அப்படியே நம்பாதீர்கள். தேநீருக்கும் தொழுகைக்கும் பிள்ளைகளின் வாந்திக்கும் அதன் கணக்கில் இடமில்லை.

அடுத்தது ஊர்ப்பெயர். 2009 இல் இத்தாலியின் கப்ரி என்ற அழகிய தீவுக்குப் புறப்பட்ட சுவீடன் நாட்டுத் தம்பதியர், ஆங்கில எழுத்தொன்று இடம் மாறியதால் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் வடக்கேயுள்ள கார்பி என்ற நகரில் போய் இறங்கி, "நீலக் குகை எங்கே?" என்று கேட்டார்கள். சிரிப்பாக இருக்கிறதா? நமது ஊர்களின் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது நாம் படுத்தும் பாட்டைப் பாருங்கள். காத்தான்குடியை 'ஐ' எழுத்தில் முடிப்பவரும் உண்டு, 'வை' எழுத்தில் முடிப்பவரும் உண்டு. ஏறாவூருக்கும் சம்மாந்துறைக்கும் இதே கதிதான். சிலாபத்துக்குப் போகும் வழியில் ஒரு மாதம்பை இருக்கிறது; இரத்தினபுரி மாவட்டத்தில் இன்னொன்று இருக்கிறது. 'பிரதான வீதி' இல்லாத நகரம் எது? காலி வீதியோ கொழும்பிலிருந்து காலி வரை ஊரூராக அதே பெயரில் நீள்கிறது; வெள்ளவத்தையிலும் காலி வீதி, பாணந்துறையிலும் காலி வீதி, பேருவளையிலும் காலி வீதி. வீட்டிலக்கத்தையும் வீதியையும் மட்டும் கொடுத்தால் கருவி தனக்குப் பிடித்ததைத் தெரிவுசெய்யும். ஊரின் பெயரை முதலில் கொடுங்கள். தேடிக் கிடைத்த இடத்தின் மாவட்டத்தையும் தூரத்தையும் பார்த்து, நீங்கள் அறிந்த தூரத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். வலீமாவுக்குப் போகிறீர்களாயின், கல்யாண வீட்டாரிடம் கைத்தொலைபேசியில் இடத்தை அனுப்பச் சொல்லி, அந்த எண்களை அப்படியே கருவியில் இடுவது இன்னும் நல்லது.

கட்டாரிலோ துபாயிலோ சாரதியாகத் தொழில் பார்க்கும் உங்கள் மகனுக்கு இத்தொல்லை குறைவு. கட்டாரில் கட்டடங்களில் நீல நிறப் பலகையொன்றில் வலயம், வீதி, கட்டடம் என மூன்று எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். துபாயில் 'மகானி' என்ற பத்து இலக்க எண் உண்டு. புதிதாகப் போகிறவர் முதல் வாரத்திலேயே அந்த எண்களைக் கேட்டுப் பழகிக்கொண்டால், அறபுப் பெயரை ஆங்கிலத்தில் எழுதித் தேடும் அவதி இல்லை. முதலாளியின் ஏச்சும் மிச்சம்.

வாகனம் ஓடத் தொடங்கிவிட்டால் கருவியைத் தொடாதீர்கள். காதால் கேளுங்கள், கண் வீதியிலிருக்கட்டும். மாற்றவேண்டியது ஏதுமிருந்தால் பக்கத்து ஆசனத்திலிருப்பவர் மாற்றட்டும், அல்லது ஓரமாக நிறுத்துங்கள். முன்கண்ணாடியின் நடுவில் ஒட்டிப் பார்வையை மறைக்காமல், கீழ் மூலையில், காற்றுப்பை விரியும் இடத்துக்கு விலகி வையுங்கள். தெற்கு அதிவேகப் பாதையில் தர்கா நகருக்குப் போகிறீர்கள். வெலிப்பன்ன வாயிலைக் கருவி சொல்லியும் தவறவிட்டுவிட்டீர்கள். என்ன குடி முழுகிவிட்டது? அடுத்த வாயில் வரை போய்த் திரும்பி வாருங்கள். கருவியே புதிய வழியைக் கணக்கிட்டுத் தரும். அதிவேகப் பாதையில் வாகனத்தைப் பின்னோக்கிச் செலுத்தும் பைத்தியக்காரத்தனத்தை மட்டும் எந்தக் குரல் சொன்னாலும் செய்யாதீர்கள்.

"கைத்தொலைபேசியிலேயே எல்லாம் இருக்கும்போது இது எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2009 இல் கூகிள் தன் வழிகாட்டலை இலவசமாகத் தந்ததிலிருந்து தனிக் கருவிகளின் வியாபாரம் படுத்துவிட்டது உண்மை. நெரிசலை உடனுக்குடன் சொல்வதில் தொலைபேசியே மேல். நகருக்குள் ஓடுபவருக்குத் தனிக் கருவி தேவையே இல்லை என்பது என் எண்ணம். தூரப் பயணம் செய்பவருக்கு, லொறி ஓட்டுபவருக்கு, தொடர்பு கிடைக்காத இடங்களுக்குப் போகிறவருக்கு அது இன்னும் உதவும். டேட்டா வேண்டாம், வெயிலில் சூடேறி அணைவதும் குறைவு, அவசரத்துக்கு அழைக்கத் தொலைபேசியின் பெட்டரியும் மிஞ்சும். லொறிக்கென்றே உயரத்தையும் பாரத்தையும் பதிந்துகொள்ளும் கருவிகள் உண்டு. ஆனால் லொறியின் மின்சாரம் 24 வோல்ட். அதற்குப் பொருந்தும் வயர்தானா என்று பார்த்து வாங்குங்கள். தொலைபேசியே போதும் என்பவர்கள் வீட்டிலிருந்தே பயணப் பகுதியின் வரைபடத்தைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பாவித்த கருவி மலிவாகக் கிடைத்தால் திகதியைச் சரிபாருங்கள். செய்மதிகளின் வாரக் கணக்கு 1,024 வாரங்களுக்கு ஒரு முறை பூச்சியத்துக்குத் திரும்பும். கடைசியாக அது நிகழ்ந்தது 2019 ஏப்ரலில். அதன்பின் சில பழைய கருவிகள் இருபது ஆண்டுகள் பின்னோக்கிய திகதியைக் காட்டத் தொடங்கின. உட்புற பெட்டரியும் தேய்ந்திருக்கும். வேறு நாட்டிலிருந்து வந்த கருவியை முதன்முறை இயக்கும்போது திறந்த வெளியில் கால் மணித்தியாலம் பொறுமையாக வைத்திருங்கள். செய்மதிகளின் முழு அட்டவணையும் வந்து சேர 12½ நிமிடம் பிடிக்கும். அது கெட்டுப்போய்விட்டது என்று கராஜுக்கு ஓட வேண்டாம்.

இன்னொரு பாவனை இருக்கிறது. பலரும் அதை அறிவதில்லை. நடுவழியில் வாகனம் பழுதாகிறது, அல்லது விபத்தாகிறது. எந்த ஊர் என்றே தெரியாத இடம். 1990 அம்பியூலன்ஸ் சேவையை அழைத்தால் முதலில் கேட்பது "எங்கே இருக்கிறீர்கள்?" என்பதைத்தான். கருவியில் 'நான் எங்கே' என்ற பக்கத்தை, அல்லது திரையிலுள்ள வாகனப் படத்தைத் தொட்டால் அண்மையிலுள்ள வீதியின் பெயரோடு இரண்டு எண்கள் வரும். இலங்கைக்குள் முதல் எண் 5 இற்கும் 9 இற்கும் இடைப்பட்டதாக ஆரம்பிக்கும். இரண்டாவது 79, 80, 81 என்ற மூன்றில் ஒன்றாக இருக்கும். அந்த வரிசையில், புள்ளிக்குப் பின்னாலுள்ள இலக்கங்களையும் விடாமல், நிதானமாக வாசித்துச் சொல்லுங்கள். மறுமுனையிலிருப்பவர் திருப்பிச் சொல்லும்வரை தொடர்பைத் துண்டிக்காதீர்கள். வண்டி ஓட்டத் தெரியாதவராயினும், வீட்டில் மனைவியும் வளர்ந்த பிள்ளைகளும் அந்தப் பக்கத்தை எடுக்கப் பழகியிருக்கட்டும். அன்றைக்குச் சாரதியால் பேச முடியாமலிருக்கலாம்.